மாற்றாமல் விட்ட பெயர்

இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், சர்க்கரை இல்லாத காபி. ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குக் கடைசி வாய். அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பதினொன்று ஐந்துக்கு இன்னொரு ஊசி. "நடக்கக்கூட வேணாம் மேடம், அப்படியே உட்காருங்க, அப்பதான் கரெக்டா வரும்" என்று லேபில் ரத்தம் எடுத்த பெண் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டாள். உட்காருவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா. இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்துதானே இந்த சர்க்கரையைச் சம்பாதித்திருக்கிறேன். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை, அதற்கு நேர் கீழே அலறுகிற டிவி. பலகையை மாட்டியவனும் டிவியைப் போட்டவனும் ஒரே ஆளாகத்தான் இருக்கும். நாற்காலிகளை ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் கோத்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒருவர் இருமினால் நான் ஆடுகிறேன். போன் மடியில் அதிர்ந்தது. சசியாக இருக்குமோ என்று எடுத்தேன். குமரவேல். "மேடம், சீன் பேப்பர் வந்துட்டா லைட்டிங் ஆரம்பிச்சிடுவோம்." காலையிலிருந்து நான்காவது தடவை. அவன் எங்கள் சீரியலின் அசோசியேட் டைரக்டர், நான் அதற்கு வசனம் எழுதுகிறவள், பதினோரு மணிக்கு ஷாட், இன்னும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாத காட்சிக்கு அங்கே புடவை அயர்ன் பண்ணித் தொங்கும். கிளிசரின் பாட்டில் தயாராக இருக்கும். எதற்கு அழப்போகிறோம் என்று தெரியாமல் ஒரு பெண் மேக்கப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தங்கை சசி வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறாள் என்பதுதான். இன்றைக்குச் சனி.

அந்தப் பெயரை நான் மாற்றியிருக்க வேண்டும். எப்போதும் மாற்றுவேன். என் வேலை முறையே அதுதான். கதாபாத்திரத்துக்கு சேனல்காரர்கள் அபிநயா, நந்திதா என்று பெயர் வைப்பார்கள், அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுத வராது. அபிநயா என்கிற பெண் எப்படி மூக்கை உறிஞ்சுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் அவளைப் பார்த்ததேயில்லை. அதனால் எழுதும்போது தெரிந்தவர்கள் பெயரைப் போட்டுக்கொள்வேன். மாமியாருக்கு எங்கள் பழைய வீட்டு ஓனரம்மா. வில்லிக்கு என்னோடு படித்த ஒருத்தி. நல்லவளுக்கு, கஷ்டப்படுகிறவளுக்கு, பதினைந்து வருஷமாக சசி. பெயரைப் போட்டதும் குரல் காதில் கேட்கும், கேட்டதை எழுதினால் போதும். முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எல்லா சசியையும் அபிநயா ஆக்கிவிடுவேன். அன்றைக்கு, போன செவ்வாய், போனிலேயே எழுதினேன். மின்சாரம் இல்லை, லேப்டாப் செத்துக் கிடந்தது, இந்தக் குமரவேல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "மேடம், மேடம்" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். கையால் ஒவ்வொன்றாக மாற்றினேன். பன்னிரண்டு சசி இருந்தது, பதினொன்றை மாற்றினேன். மாமியாராக நடிக்கும் அம்மா மைசூர்க்காரர், தமிழ் தெரியாது, பேப்பரில் இருப்பதை பிராம்ப்டர் கேமராவுக்குப் பின்னால் நின்று சத்தமாகப் படிப்பான், அந்தம்மா திருப்பிச் சொல்வார். அவன் படித்தான். அந்தம்மா சொன்னார். டைரக்டர் ஓகே சொன்னார். எடிட்டர் ஒட்டினார். "அழாதே சசி. பேசலேன்னாலும் அவன் உன் புருஷன்." இத்தனை பேர் காதில் விழுந்தது, ஒருத்தருக்காவது சசி யார் என்று கேட்கத் தோன்றவில்லை. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டு டிவியில்தான் நானே கேட்டேன். கையில் தட்டு, வாயில் சோறு. குமரவேலுக்குப் போன் பண்ணிக் கத்தினால், "யாருமே கவனிக்கல மேடம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்கிறான். கவனிக்காமல் என்ன, அந்தப் பெயர்க்காரி திருச்சியில் கருமண்டபத்தில் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அவள் மாமியார், சோபாவில் அவள் புருஷன்.

பெயர் மட்டும் என்றால் சமாளிக்கலாம். காட்சியே அவளுடையது. ஒரு மாதத்துக்கு முன் சசி சென்னைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். புருஷன் கதிரேசன் அவளோடு பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. சண்டை இல்லை, குடி இல்லை, கைநீட்டுவது இல்லை. கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிற மனுஷன், நெற்றியில் விபூதி, சட்டை மடிப்பு கலையாது. எல்லாம் மகள் மூலமாக. மித்ராவுக்கு எட்டு வயது. "மோர் போதும்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." அம்மா அங்கேயே மோர்க் கிண்ணத்தோடு நிற்கிறாள். என்ன குற்றம் செய்தாள் என்று கேட்டேன். அவர் அண்ணன் வந்திருந்தபோது, கொடைக்கானல் போனது மே மாதம் என்று இவர் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம், இவள் "இல்லைங்க, காலாண்டு லீவுல" என்றாளாம். அவ்வளவுதான். ஒரு மாதத்தைத் திருத்தினாள், பதினோரு மாதம் தண்டனை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன், சசி சோப்புக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டினாக்கூடப் பரவாயில்லக்கா. திட்டினா நான் வீட்ல இருக்கேன்னாவது தெரியும்." அந்த வரியை அவள் சொன்ன கணத்தில் என் மனசுக்குள் ஒரு பக்கம் அழுதது, இன்னொரு பக்கம் பேனாவைத் தேடியது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, தேடியது. அம்மா போனபோதும் தேடியது. ஐ.சி.யு. வாசலில் மாமா சொன்ன ஒரு வார்த்தையை மூன்றே வாரத்தில் கோர்ட் சீனில் வைத்தேன், நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மணி ஒன்பது ஐம்பது. பஞ்சு வைத்த இடம் அரிக்கிறது. சசிக்கு மறுபடி போட்டேன், அதே பெண் குரல், நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் என்று. சசி வாடிக்கையாளரா. என்னடி பண்ணிக்கொண்டிருக்கிறாய். அவன் ஏதாவது செய்துவிட்டானா. பேசாத ஆட்கள்தான் எனக்குப் பயம், கத்துகிறவர்கள் கத்திவிட்டுப் போய்விடுவார்கள். நேற்றே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏன் ஏறவில்லை, நேற்று நான்கு சீன், இன்றைக்கு மூன்று சீன். என் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கப் போவதற்கு எனக்கு சேனலில் அப்ரூவல் வேண்டும். இல்லை, சும்மா அவர்கள் மேல் பழியைப் போடுகிறேன். போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் பயம். அவள் மேலும் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் எதற்கடி சொன்னாய். தெருவில் போகிற யாரிடமாவது சொல்லியிருக்கலாமே. சீரியல்காரியிடம் வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனால் அவள் என்ன பண்ணுவாள், செவ்வாய்க்கிழமை காலை நாற்பது நிமிடத்தில் ஒரு சீன் வேண்டும் என்றால் கையில் இருப்பதைத்தானே போடுவாள். இப்படி ஒரு நியாயம். இதை நானே எழுதி ஒரு வில்லி வாயில் வைத்தால் ஜனங்கள் டிவியை உடைப்பார்கள்.

டிவியில் அதற்குள் எங்கள் ப்ரோமோ. தெரியும், வரும் என்று, மணிக்கு நாலு தடவை போடுகிறார்கள். அபிநயாவின் புருஷன் குழந்தையைக் கூப்பிட்டுச் சொல்கிறான், அபிநயா தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், தாரை தாரையாகக் கிளிசரின், பின்னால் வயலின் இழைக்கிறது. "திட்டினாக்கூட நான் இந்த வீட்ல இருக்கேன்னாவது தெரியும்." அப்புறம் மைசூர் அம்மா. அழாதே சசி. எனக்கு முன்வரிசையில் இரண்டு பேர். ஒருத்தர் என் வயது, கையில் ஸ்கேன் கவர், இன்னொருத்தர் அவருக்கு மாமியாரோ அம்மாவோ. "பாவம் அந்தப் பொண்ணு" என்கிறார் சின்னவர். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன பாவம். குடிக்கிறானா, அடிக்கிறானா. பேசலையாம். என் வீட்டுக்காரர் நாப்பது வருஷத்துல என்கிட்ட என்ன பேசிட்டார்ங்கிற." சின்னவர் சிரித்துவிட்டு, "அவ பேரு அபிநயாதானே, அது என்ன சசிங்கிறாங்க" என்றார். "செல்லப் பேரா இருக்கும்." எழுந்து போய் அந்த இரண்டு பேர் முன்னால் நிற்கவேண்டும் போல இருந்தது. செல்லப் பேர் இல்லைங்க, அது ஒரு ஆள், முப்பத்தொன்பது வயது, இடது கை மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு இருக்கும். சொல்லவில்லை. நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே.

நிவேதனாவின் வாய்ஸ் மெசேஜை மூன்றாவது தடவையாகக் காதில் வைத்துக் கேட்டேன். சேனலில் கிரியேட்டிவ் டீம், வயது இருபத்தெட்டு இருக்கும், எப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டேதான் பேசுவாள். "மேம், அந்த ட்ராக் செமையா பிக்அப் ஆயிருக்கு. மினிட் டு மினிட் வியூஸ் பார்த்தீங்கன்னா அந்த லைன்ல அப்படியே ஏறுது. ஆனா ஒரு விஷயம் மேம், அவன்தான் நம்ம ஹீரோ, ஆடியன்ஸ் அவனை வெறுக்கக்கூடாது. ஸோ இன்னிக்கு சீன்ல அவ போய் மன்னிப்புக் கேட்கட்டும், கால்ல விழுந்தாலும் ஓகே, அவன் தூக்கி நிறுத்தி முதல் வார்த்தை பேசறான். கண்ணுல தண்ணி வந்துடும் மேம்." எனக்கு வராது கண்ணே, எனக்கு வாயில் வேறு ஏதாவது வரும். எதற்கு மன்னிப்பு. காலாண்டு லீவை மே மாதம் என்று ஒத்துக்கொள்ளவா. ஆனால் என்னைத் தடுப்பது அது இல்லை. இத்தனை வருஷம் நான் எழுதியதை லட்சம் பேர் பார்ப்பதாகச் சொல்வார்கள், அந்த லட்சம் பேர் யார் என்று எனக்குத் தெரியாது, அதனால் எதை வேண்டுமானாலும் எழுதினேன். திங்கட்கிழமை இந்தக் காட்சியைப் பார்க்கப்போவது ஒரே ஒரு வீடு. அபிநயா காலில் விழுந்தால் கதிரேசன் சோபாவில் சாய்ந்துகொள்வான், பார்த்தாயா, உன் அக்காவே எழுதியிருக்கிறாள் என்று வாயால் சொல்லமாட்டான், மகளிடம் சொல்லி அனுப்புவான். விழாமல் எதிர்த்துப் பேசினால் அந்த எதிர்ப்புக்கு சசி பதில் சொல்ல வேண்டும். அக்காவை விட்டு ஊர் சிரிக்க வைத்தாய் என்று ஆகும். இப்படி எழுதினாலும் அவள் தலையில், அப்படி எழுதினாலும் அவள் தலையில். சரி, விழட்டும், விழுந்தால் அவன் மனசு குளிர்ந்து ஒருவேளை பேசிவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தேன் பாருங்கள், அப்போதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. டைப் அடித்திருந்தேன். 'அபிநயா: என்னை மன்னிச்சிடுங்க.' அழித்தேன். குமரவேல் இரண்டு தடவை கூப்பிட்டு விட்டுவிட்டான். பத்து இருபத்தைந்து.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அது என்னிடம் ஒரு மாதமாக இருக்கிறது. அன்றைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சசி சொன்ன இன்னொரு விஷயம். "சில நாள் பாத்ரூம்ல போய்த் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு என் பேரை நானே கூப்பிட்டுப்பேன்க்கா. சசி, சாப்பிட்டியான்னு. நானே ம்-ன்னு சொல்லிப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆட்டோ வந்துவிட்டது. இதைப் போட்டால் மன்னிப்பு வேண்டாம், காலில் விழ வேண்டாம், நிவேதனா வண்டியை ஓரம் கட்டி அழுவாள். அபிநயா குழாயைத் திறக்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள், தன் பெயரைக் கூப்பிடுகிறாள், கதவுக்கு வெளியே அவன் நின்று கேட்கிறான், கட். ஒன்றரை நிமிடம். இதற்கு எதிரில் எந்த சேனலும் வாய் திறக்க முடியாது. கட்டை விரல் தன்னால் ஓடியது. 'சசி: (தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே) சசி, சாப்பிட்டியா?' எழுதி முடித்துப் படித்தேன், நன்றாக இருந்தது. எவ்வளவு கேவலமான நிலைமையிலும் நன்றாக எழுதியிருப்பது எனக்குத் தெரிந்துவிடும், அந்த சாபம் ஒன்று. இந்தத் தடவை ஜாக்கிரதையாக ஒவ்வொரு சசியையும் தேடி அபிநயா ஆக்கினேன். ஐந்து இருந்தது. ஐந்தையும் மாற்றினேன். திருடுகிறவள் இந்தத் தடவை தடயம் இல்லாமல் திருடுகிறாள். குமரவேலின் பெயரைத் திறந்து ஒட்டினேன், அனுப்பவேண்டியதுதான் பாக்கி. பத்து நாற்பத்தெட்டு. போன் அடித்தது. சசி.

"அக்கா." பின்னால் தடதடவென்று சத்தம். "எங்கடி இருக்க, எங்க இருக்க நீ, போனை எதுக்கு..." என்று நான் கத்தியதில் முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "பல்லவன் ட்ரெயின்ல. விழுப்புரம் தாண்டியாச்சு. மித்ரா தூங்குறா." நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "சசி, அந்தப் பேரு, நான் மாத்தினேன்டி, ஒண்ணு விட்டுப்போச்சு, சத்தியமா..." "இருக்கா, நான் சொல்லிடறேன், சிக்னல் போயிடும்." அவள் குரலில் அழுகை இல்லை. "வியாழக்கிழமை எல்லாரும் ஹால்லதான் இருந்தோம். என் பேரு வந்ததும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. சரி, இன்னிக்கு வெடிக்கும், திட்டுவாரு, எதையாவது தூக்கி வீசுவாருன்னு. நீ நடுவுல போன் பண்ணிக் கெடுத்துடக்கூடாதுன்னுதான் ஆஃப் பண்ணினேன்." "என்ன பண்ணினான்?" "கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. 'இப்படியும் ஒருத்தன் இருப்பானாம்மா, அந்தப் பொண்ணு பாவம்'னு அத்தைகிட்ட சொன்னாரு. உண்மையிலேயே கண்ணு கலங்கி இருந்துச்சுக்கா. அப்புறம் மித்ராவைக் கூப்பிட்டாரு. 'பெரியம்மா ரொம்ப நல்லா எழுதியிருக்காங்கன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு'ன்னாரு."

"நான் அவர் காலுக்குக் கீழதான் உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுட்டிருக்கேன்" என்றாள் சசி. "இவ திரும்பி என்கிட்ட அப்படியே சொல்றா. ஒரு வார்த்தை மாறல. பல்லு விளக்கற மாதிரி, அவ பாட்டுக்குச் சொல்லிட்டு விளையாடப் போயிட்டா. அவரைக்கூட விடுக்கா, அவருக்கு நான் சொன்னாலும் கேட்காது, டிவியில போட்டாலும் கேட்காது. இவளுக்குப் பழகிடுச்சு பாரு. நேத்து முழுக்க போனைக்கூடப் போடாம அதையே நினைச்சேன், ராத்திரி டிக்கெட் போட்டுட்டேன்." கதிரேசா, பாவி, ஊரே உன்னைப் பார்த்து அழுகிறது, நீயும் சேர்ந்து அழுகிறாயே. இரண்டு நாளாக சேனல் மேல், குமரவேல் மேல், சசி மேல், என் மேல் என்று பங்கு போட்டு வைத்திருந்த கோபமெல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றது. "வாடி, நான் எக்மோர் வர்றேன், பன்னெண்டேகாலுக்கு நிக்கறேன்" என்றேன். "வா. ஆனா உன்மேல கோபம் இல்லைன்னு நினைச்சுக்காதே" என்றாள். "நிறைய இருக்கு. நேர்ல வந்து திட்டணும். நான் பேசாமல்லாம் இருக்கமாட்டேன், உட்கார வச்சுத் திட்டுவேன், நீ எழுந்து போகக்கூடாது." "சரி" என்றேன். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "அன்னிக்கு ஆட்டோ வர்றப்ப ஒண்ணு சொன்னேன்ல. அதை எழுதிட்டியா?" என்றாள்.

எழுதவில்லை என்றுதான் வாயில் வந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம், நம்பும்படி எழுதத் தெரியும், நம்பும்படி சொல்லவும் தெரியும். "எழுதிட்டேன்" என்றேன். "இன்னும் அனுப்பல." திட்டுவாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். லைன் போய்விட்டதா, அவள்தான் வைத்தாளா தெரியவில்லை. திரையில் அந்த ஒன்றரை நிமிடம் இருந்தது, ஐந்து அபிநயாவும் சரியாக இருந்தார்கள். விரலை வைத்துக் கடைசி எழுத்திலிருந்து பின்னாலேயே போனேன், குழாய் போச்சு, கண்ணாடி போச்சு, சாப்பிட்டியா போச்சு. இனி அந்தக் குரல் இல்லாமல் எனக்கு ஒரு வரி எழுத வருமா என்று தெரியாது. வராமலும் போகலாம். குமரவேல் கூப்பிட்டான், இந்தத் தடவை எடுத்தேன். "மேடம், லைட்டிங் ரெடி. அபிநயாவோட முதல் டயலாக்கை மட்டுமாவது சொல்லிடுங்க, எடுக்க ஆரம்பிச்சிடறோம்." "அவ இன்னிக்கு சீன்ல இல்ல குமரவேல்." "மேடம், ஆர்ட்டிஸ்ட் மேக்கப் போட்டு எட்டு மணியிலேர்ந்து உட்கார்ந்திருக்காங்க. சேனல்ல வேற கால்ல விழற சீன்னு சொல்லியிருக்காங்க. நான் அவங்களுக்கு என்ன சொல்றது?" "அந்தப் பொண்ணு யார் கால்லயும் விழல, யாருக்காகவும் அழல, முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றேன்.